லென்ஸ் அக்காவின் புழு ஆஸ்பத்திரி

முட்டைக்கோஸ் இலையைத் திருப்புவதற்கு முன்னால் லென்ஸ் அக்கா தன் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிடுகிறார். பிறகு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் இருபது பவர் லென்ஸை வலது கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்கு இலையில் உரசும் அளவுக்குக் குனிகிறார். இடது கண்ணை மூடுவதில்லை. மூடினால் தலைவலி வரும் என்பது தொழில் கற்றுக்கொடுத்த பாடம். காலை ஆறரை மணி. முழங்கையில் சோப்புத் தண்ணீர் வாளி தொங்குகிறது. இலையடியில் ஒரு பச்சைப்புழு, மூக்குமுட்டத் தின்றுவிட்டுச் சாய்ந்திருக்கிறது. அக்கா அதைத் தலையிலிருந்து வால்வரை பார்க்கிறார். "முதுகு சுத்தம், விலா சுத்தம். நல்லா ஆரோக்கியமா இருக்கேடா ராசா," என்கிறார். அடுத்த நொடி அது வாளிக்குள் விழுகிறது.

இரண்டு செடி தள்ளி இன்னொரு புழு. இது சோம்பிப்போய், நிறம் மங்கி, இலையைக் கடிக்கவும் தெம்பில்லாமல் கிடக்கிறது. அதன் விலாவில் நொய்யரிசி ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கூடுகள். அக்காவின் முகம் மலர்கிறது. "அட, விருந்தாளிங்க வந்தாச்சா!" வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்த இலையைக் காம்போடு கிள்ளி, பச்சைக்குழந்தையைத் தூக்குவதுபோல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்குப் போகிறார். ஊரில் எங்கும் பிழைப்பது கொழுத்தவன்தான். இந்தத் தோட்டத்தில் மட்டும் நோஞ்சானுக்கு உயிர்ப்பிச்சை.

விஷயம் இதுதான். எறும்பை விடச் சின்னதாக ஒரு குளவி இருக்கிறது. மனிதரைக் கொட்டத் தெரியாது. புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து, அதன் மேலேயே கூடு கட்டித் தூங்கும். கூட்டிலிருந்து குளவியாக வரும். வந்த கையோடு அடுத்த புழுவைத் தேடிப் போகும். முட்டையிடுவது பெண் குளவி என்பதால் அக்காவுக்கு எல்லாக் குளவிகளும் "நம்ம பொண்ணுங்க". மருந்து அடிக்காமல் இந்தச் சின்னத் தோட்டத்தில் கோஸும் தக்காளியும் காய்க்கின்றன என்றால் பாதி வேலை அக்காவுடையது, மீதி வேலை பொண்ணுங்களுடையது.

சமையலறை ஜன்னல் ஓரமாக ஆறேழு கண்ணாடி பாட்டில்கள் இருக்கின்றன. வாய்க்கு லென்ஸ் துடைக்கும் துணி, அதன் மேல் ரப்பர் பேண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: "தக்காளி, செவ்வாய், 14 கூடு." தான் வேலை பார்க்கும் கடையில் வாடிக்கையாளரின் கண்ணாடி உறையில் அக்கா எழுதுகிற அதே கையெழுத்து. குளவிகள் வெளிவந்ததும் துணியைக் கழற்றி ஜன்னல் வழியே தோட்டத்துக்கு விட்டுவிடுவார். இதற்கு "புழு ஆஸ்பத்திரி" என்று பெயர் வைத்தவர் அக்காவின் கணவர், பஸ் டிரைவர். நாத்தனார் எப்போது வந்தாலும் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் டீ குடிப்பார். "அண்ணி, இதையெல்லாம் சமைக்கிற இடத்துல வெச்சிருக்கியே, தவறிப்போய்த் தாளிச்சிடாதே," என்பார். அக்காவுக்குக் கோபமே வராது. "கிட்ட வந்து பாரு, பயம் போயிடும்," என்பார். நாத்தனார் ஒருநாளும் கிட்டப் போனதில்லை.

அக்காவின் வேலை கண்ணாடிக்கடையின் பின்னறையில். லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி ஓரம் தேய்த்து வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நாள் முழுக்க நிற்பார். ஏப்ரனில் எப்போதும் லென்ஸ் தூள் கலந்த வெள்ளைச் சேறு. முன்பக்கம் கூட்டம் அதிகமானால் வெளியே வந்து வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் ஃபிரேமை வளைத்துக் கொடுப்பார். "ஒரு காது மேல இருக்கும், ஒரு காது கீழ இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான், கவலைப்படாதீங்க. கடவுள் அளவெடுக்காம விட்டதை நான் சரிபண்ணிக்கிறேன்." தெருவில் யாரைப் பார்த்தாலும் முதலில் காதைத்தான் பார்ப்பார். முகம் மறந்துபோகும், மூக்குத்தண்டு மறக்காது.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் கறார். தான் வெட்டிய லென்ஸை மறுபடி ஒருமுறை பவர் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டார். முதலாளி அவசரப்படுத்தினால், "தப்பான பவரைப் போட்டுக் கொடுத்தா, படியில இறங்குறப்ப விழுவாங்க. விழுறது நீங்களா, நானா?" என்று கேட்பார். 

பொண்ணுங்களோடு அக்காவுக்குப் பழக்கம் ஏற்பட்டதே ஒரு தப்பினால்தான். எட்டு வருடங்களுக்கு முன்பு, தக்காளிச் செடியில் முதுகெல்லாம் வெள்ளை மணியாக ஒரு புழுவைப் பார்த்தார். ஐயோ, இத்தனை முட்டையா, இவ்வளவும் புழுவானால் தோட்டம் என்னாவது என்று பதறி, மூக்குப்பட்டை மாட்டுகிற இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டார். முப்பத்தேழு. ஒரே ஒரு மணி மட்டும் அவருக்குத் தெரியாமல் ஏப்ரன் பையில் ஒட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டது. நாலு நாள் கழித்துப் பையிலிருந்து கண்ணாடித் துண்டின்மேல் வந்து நின்றது ஒரு குட்டிக் குளவி. மீசையை நீவிக்கொண்டது. அக்கா லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "முட்டைன்னு நெனச்சு முப்பத்தாறு தொட்டிலைக் கவுத்துட்டேன்," என்று இன்றைக்கும் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

இனி டிரைவர் கதைக்கு வருவோம், ஏனென்றால் அக்காவைப் பற்றிச் சொல்ல அவர் வேண்டும்.

இருபத்திரண்டு வருடம் விபத்தில்லாமல் பஸ் ஓட்டியவர், டிப்போவில் நின்றுகொண்டிருந்த வண்டியின் படியில் வழுக்கி விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டார்கள், பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தைரியமாகக் காலை ஊன்றி நடக்கலாம் என்றார் டாக்டர். டிரைவர் ஊன்றவில்லை. நாலுகால் நடைச்சட்டத்தைப் பிடித்து ஒற்றைக்காலில் குளியலறைவரை போவார், வருவார், படுக்கையில் உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்களிடமெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். "நடங்களேன்" என்று யாராவது சொன்னால் மட்டும் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். மாதக்கடைசியில் உடல்தகுதிப் பரிசோதனை. அதில் நடந்து காட்டாவிட்டால் ஸ்டியரிங் கிடையாது. டிப்போ அலுவலகத்தில் ஒரு மூலையில் நாற்காலிதான். நாற்காலியில் உட்கார்ந்தால் இந்த மனிதர் ஆறு மாதத்தில் இற்றுப்போவார் என்பது அக்காவுக்குத் தெரியும்.

கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது இருக்கட்டும் என்று எலுமிச்சைச் செடித் தொட்டி ஒன்றைத் தூக்கிவந்து படுக்கையறை ஜன்னல் திட்டில் வைத்தார் அக்கா. மூன்றாம் நாள் காலை, லென்ஸும் வாளியுமாக உள்ளே வந்தவரை டிரைவர் கை நீட்டி மறித்தார்.

"இவனை விட்டுடு."

"யாரை?"

"அந்த இலையில பாரு. பறவை எச்சம் மாதிரி இருக்கான். எச்சம் இல்ல, புழு. நேத்துலேர்ந்து பாத்துட்டிருக்கேன். எட்டு இலை காலி பண்ணிட்டான். நான் டூட்டி பாக்காதப்ப இவனாவது பாக்கட்டும். ஸ்பேர் டிரைவர்."

பல வாரங்களில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. அக்கா வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அன்றுமுதல் டிரைவருக்கு ஸ்பேர்தான் பேச்சு. ஸ்பேர் தோலுரித்தான், ஸ்பேர் பச்சையானான், தொட்டால் தலையிலிருந்து சிவப்புக் கொம்பு நீட்டுகிறான். பார்க்க வந்த கண்டக்டர்கள் எல்லோரும் ஸ்பேரைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒருநாள் நாத்தனார் காலைப் பற்றி ஆரம்பித்தபோது டிரைவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "இதோ பாரு, எல்லாரும் கேட்டுக்கோங்க. ஸ்பேர் பட்டாம்பூச்சியாகிப் பறக்கிற அன்னிக்கு நானும் காலை ஊனுறேன். சத்தியம். அதுவரைக்கும் யாரும் என்னை நச்சரிக்கக் கூடாது." அக்கா நாள்காட்டியைப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டார். தகுதிப் பரிசோதனைக்குள் வந்துவிடும். அன்றைக்கு டிரைவரின் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகவே விழுந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை ஸ்பேர் கிளையில் வாலை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டி, கூட்டுப்புழுவானான். "பாத்தியா, சீட் பெல்ட் போட்டுட்டான்!" என்று டிரைவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்த அக்கா எட்டிப் பார்த்தார். டிரைவர் முகத்தில் பேப்பர் மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்பேரின் முதுகில் ஏதோ மினுங்கியது. லென்ஸை வைத்தார். கடுகைவிடச் சின்னதாக, பச்சையும் கறுப்புமாக ஒரு குளவி. வாலை ஸ்பேரின் இளந்தோலுக்குள் இறக்கிவிட்டு அசையாமல் நின்றிருந்தது.

எட்டு வருடங்களாக எந்தப் பொண்ணுங்களுக்காக வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டு வைத்திருந்தாரோ, அவர்களில் ஒருத்தி; புழுவை விட்டுக் கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடுகிற இனம், குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து குளவியாகத்தான் வெளியே வரும். அக்கா ஊதிப் பார்த்தார், அவள் நகரவில்லை. துணியால் தட்டிவிட்டார், வந்த வேலை முடிந்த நிம்மதியோடு பறந்து போனாள். அக்கா ஜன்னலை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது கண்ணாடிக்கடைக்காரிக்கே நடந்தது.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே எழுப்பிச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் சத்தியம் செய்தவரின் முகம் நினைவுக்கு வந்தது, சொல்ல வாய் வரவில்லை. வேறொரு கூட்டுப்புழுவை அந்த இடத்தில் வைத்துவிட்டால் என்ன? பச்சைக்குப் பச்சை, யாருக்குத் தெரியப்போகிறது? ஊரெல்லாம் சரியான பவர் பார்த்துக் கொடுக்கிறவர் வீட்டுக்குள் தப்பான பவர் மாட்டத் துணிந்தார்.

தோட்டத்து எலுமிச்சையில் மூன்று கூட்டுப்புழுக்கள் இருந்தன. இரண்டு ஏற்கனவே பழுப்பாகிவிட்டன, தொட்டால் நெளியவில்லை. மூன்றாவதன் மேல் ஒருத்தி அப்போதுதான் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். அக்கா வளர்த்த படை அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. "இவ்வளவு சுறுசுறுப்பு யாருடி கேட்டா?" என்று முதல்முறையாக அவளைத் திட்டினார். எதிர்வீட்டு டீச்சரின் எலுமிச்சை மரத்துக்குப் போனார். இலையெல்லாம் பளபளவென்று இருந்தது, ஒரு கடி கிடையாது. "வாராவாரம் மருந்து அடிச்சிடுவேன். ஒரு புழு காட்டிடுங்க பாப்போம்," என்றார் டீச்சர் பெருமையாக. "ஒண்ணுகூடவா இல்ல?" என்று அக்கா கேட்ட தொனியில் டீச்சர் கொஞ்சம் மிரண்டுபோனார்.

வியாழக்கிழமை கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஊர்க்கோடி நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரர் தலையைச் சொறிந்தார். "அக்கா, எல்லாரும் புழு இல்லாத கன்னு கேப்பாங்க. நீங்க புழு இருக்கிற கன்னா கேக்குறீங்க?"

"புழு இல்ல தம்பி, கூட்டுப்புழு. பச்சையா, தொட்டா நெளியணும்."

முப்பது நாற்பது கன்றுகளைத் தாண்டி ஒன்று கிடைத்தது. லென்ஸ் வைத்துக் கால்மணி நேரம் சோதித்தார். துளை இல்லை, தழும்பு இல்லை. கன்றோடு வாங்கி, துண்டைப் போர்த்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டிரைவர் குளிக்கப் போன நேரத்தில், ஸ்பேர் இருந்த கிளையை நறுக்கி எடுத்துவிட்டு, புதியவனின் கிளையை அந்த இடத்தில் வைத்துக் கட்டினார். கைக்குக் கிடைத்த நூலால் கட்டினார். ஸ்பேரைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. உள்ளே இருப்பது பொண்ணுங்களாயிற்றே. பாட்டிலுக்குள் வைத்துச் சமையலறை மூலையில் ஒளித்தார். சீட்டு எழுதவில்லை.

மறுநாள் காலை டீயோடு போனபோது டிரைவர் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க ஒரே செடியைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதரை ஏமாற்றலாம் என்று நினைத்ததுதான் அக்காவின் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனம்.

"இந்தா, ஒண்ணு கேக்கட்டா? எலுமிச்சைச் செடிக்கு யாராவது ஃபிரேமுக்குப் போடுற நைலான் நூல் கட்டுவாங்களா?"

அக்கா டீயைக் கீழே வைத்தார்.

"இது நம்ம ஆள் இல்ல. நம்ம ஆள் எங்க?"

அக்கா சொன்னார். குளவி உட்கார்ந்தது, ஜன்னல் சாத்தியது, டீச்சர் மரம், நர்சரி, எல்லாம். டிரைவர் கடைசியில் மெல்லக் கேட்டார்: "தப்பான பவர் போட்டு யாரையும் அனுப்ப மாட்டேன்னு கடையில சொல்லுவியே. நான் மட்டும் விழலாமா?"

"நீங்க காலை ஊனாமயே இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சுங்க."

"உனக்கு மட்டும்தானா பயம்?" டிரைவர் போர்வையை இழுத்துக் காலை மூடினார். "ஊனுறதுக்குப் போனாலே அன்னிக்கு உடைஞ்ச சத்தம் காதுல கேக்குது. பஸ் சத்தம் எதுவும் கேக்கல, அது மட்டும் கேக்குது. இதை எந்த டாக்டர்கிட்ட போய்ச் சொல்ல?"

நாலு மாதமாகச் சிரித்துச் சிரித்து மூடி வைத்திருந்தது அது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் காலின் மேல் கையை வைத்துக்கொண்டார். டிரைவர், "என் ஆளைக் கொண்டா," என்றார். ஸ்பேரின் கிளையை ஈரப்பஞ்சு சுற்றிய குப்பியில் செருகி, புதியவனின் பக்கத்திலேயே வைத்தார்கள்.

அடுத்த புதன்கிழமை புதியவன் வெடித்து, ஈரச்சிறகைக் காயவைத்து, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டாம்பூச்சியாகி அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினான். வாசல் கதவைத் திறந்து வழியனுப்பினார்கள். நாத்தனார் கைதட்டினார். "பறந்துடுச்சே அண்ணா! எழுந்திரு, எழுந்திரு!"

"அது வேற டிப்போ வண்டி," என்றார் டிரைவர். "சத்தியம் ஸ்பேர் மேலதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஸ்பேர் பறக்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். பிறகு அந்தச் சத்தியத்துக்கு என்ன அர்த்தம்? ஊனமாட்டேன் என்பதுதானே? இரண்டு நாள் அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. முட்டைக்கோஸில் கொழுத்த புழுக்கள் கேட்பாரில்லாமல் தின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை. பரிசோதனைக்கு இன்னும் பத்து நாள். ஸ்பேர் பழுப்பேறி, காய்ந்த இலைத்துண்டுபோல் ஒட்டிக்கொண்டிருந்தான். அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

"இந்தா, சீக்கிரம் வா! இறக்கம் ஆரம்பிச்சாச்சு!"

ஸ்பேரின் விலாவில் குண்டூசித் துளை ஒன்று விழுந்திருந்தது. அதன் வழியே ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது, உடம்பை நெளித்து வெளியே வந்தது, முன்காலால் மீசையைத் துடைத்தது. பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. பச்சையாகவும் கறுப்பாகவும் மின்னிக்கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். அக்கா கழுத்திலிருந்து லென்ஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். டிரைவர் எண்ண ஆரம்பித்தார்.

"இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு... அடேங்கப்பா, எல்லாரும் ஸ்டாண்டிங்ல வந்திருக்காங்கடி. ஒரே வழி. இடிக்கல, தள்ளல. என் வண்டியில ஒருநாளாவது இப்படி இறங்கியிருக்காங்களா? முப்பத்தெட்டு... இந்தச் சின்ன உடம்புக்குள்ள இத்தனை பேரை ஏத்தி, ஒருத்தருக்கும் சேதமில்லாம கொண்டுவந்து சேத்திருக்கான் பாரு, ஸ்பேர்!"

எழுபதைத் தாண்டியபோது எண்ணிக்கை தவறிவிட்டது. இறங்கியவர்களெல்லாம் வெளிச்சத்தைத் தேடி ஜன்னலுக்குப் போனார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. குளவி உட்கார்ந்த அன்று அக்கா போட்ட தாழ்ப்பாள் அப்படியே கிடந்தது. கண்ணாடி முழுக்கக் கரும்புள்ளிகளாக ஏறினார்கள், வழுக்கினார்கள், மறுபடி ஏறினார்கள்.

"நிறுத்தம் வந்தாச்சு, கதவைத் திறக்கலைன்னா எப்படி?" என்று முணுமுணுத்தபடி டிரைவர் கட்டிலிலிருந்து கால்களைக் கீழே போட்டார். நடைச்சட்டம் தலைமாட்டில் நின்றது. அதன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மூன்றடி. வலது கால் போனது. இடது கால் போனது. தாழ்ப்பாள் இறுகிப்போயிருந்தது, ஒரு கைக்கு அசையவில்லை. லென்ஸைத் திட்டில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் பிடித்து, இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றிக்கொண்டு இழுத்தார்.

அக்கா ஓசைப்படாமல் பின்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் அவர் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி, தொட்டுவிடாமல், விரித்துப் பிடித்துக்கொண்டார்.